டொன்சில் எடுத்த பிள்ளையின் பத்து நாட்கள்

டொன்சில் எடுத்த பிள்ளை வைத்தியசாலையில் இருக்கும் நேரம் கொஞ்சம். புளியந்தீவில் உள்ள மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை என்றாலும் சரி, கொழும்பிலோ சென்னையிலோ உள்ள பெரிய மருத்துவமனை என்றாலும் சரி, சிக்கல் எதுவும் இல்லாவிட்டால் ஓரிரு நாளில் துண்டு வெட்டி அனுப்பிவிடுவார்கள். தொண்டை நோவோ ஏழு முதல் பத்து நாள் நிற்கும்; சில பிள்ளைகளுக்கு இரண்டு கிழமை. முதல் நாளைவிட மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் கூடுதலாக வருந்தும் பிள்ளைகள் பலர். ஆக, இந்த நோவின் பெரும்பங்கு டொக்டரின் கண்ணிலும் தாதியின் கண்ணிலும் படுவதே இல்லை. மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள வீடுகளில் தாய்மாரும் அம்மம்மாமாரும்தான் அதைச் சுமக்கிறார்கள்.

இதைப் பற்றி உலகெங்கும் கடந்த இருபது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகள் ஒரே திசையில் வந்து சேர்ந்திருக்கின்றன. கடுமையான நோ மருந்து பிள்ளைகளுக்குத் தேவையில்லை. அது உயிரையே எடுத்துவிடக்கூடும். பழைய, மலிவான இரண்டு மருந்துகளே போதும். ஆனால் அவை பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில், நேரம் தவறாமல் உள்ளே போக வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் வீடுகளில் தவறுகிறது. நம்முடைய மாவட்டத்தில் அதற்குமேல் டெங்கு என்ற சிக்கலும் சேர்ந்துகொள்கிறது.

முதலில், ஏன் இவ்வளவு நோகிறது என்று பார்க்க வேண்டும். டொன்சில் இருந்த இடத்தை வழமையில் தைப்பதில்லை. திறந்த புண்ணாகவே ஆறவிடுகிறார்கள். அதன் அடியில் இருப்பது தொண்டைத் தசை. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அந்தத் தசை சுருங்கிப் புண்ணை இழுக்கிறது. சாப்பிடாமல் இருந்துவிடலாம், எச்சில் விழுங்காமல் எப்படி இருப்பது? அந்த இடத்துக்கு உணர்ச்சி தரும் ஒன்பதாம் மூளை நரம்பின் ஒரு கிளை நடுக்காதுக்கும் போகிறது. அதனால்தான் மூன்றாம் நான்காம் நாளில் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. காதில் எதுவும் இல்லை. எண்ணெய் காய்ச்சி விடுவதால் பயனும் இல்லை; தொண்டைக்குக் கொடுக்கும் நோ மருந்தே காதுக்கும் மருந்து.

மறுநாளே புண்ணின்மேல் வெள்ளையும் சாம்பலுமாக ஓர் ஏடு படரும், வாய் நாறும். பார்த்தவுடன் சீழ் என்று பயந்து தனியார் டொக்டரிடம் ஓடி அன்ரிபயோட்டிக் வாங்கும் பெற்றோர் குறைவில்லை. அது சீழல்ல, ஆறுகிற புண்ணின் பொருக்கு. திவாகரும் சகாக்களும் செய்த கொக்ரேன் மீளாய்வு, அன்ரிபயோட்டிக் கொடுப்பதால் நோவு குறைகிறது என்றோ இரத்தப்போக்கு குறைகிறது என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டியும் வழமையாக அதைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அந்தப் பொருக்கு ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் உரியும். ஆறிவருகிறது என்று நினைத்திருந்த நோவு அப்போது மறுபடி தலைதூக்கலாம். இரத்தம் கசியும் ஆபத்தும் அதே நாட்களில்தான்.

சிறு பிள்ளையின் நோவை அறிவது எப்படி என்பதே தனி ஆய்வுத்துறை. அப்படி ஒரு துறை தேவை என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டதும் வெகு காலத்துக்கு முன்பல்ல. 1980களின் நடுப்பகுதி வரை பச்சிளம் சிசுக்களுக்கு நோவு முழுதாகத் தெரியாது என்ற எண்ணத்தில், அசையாமல் கிடக்க வைக்கும் மருந்தை மட்டும் கொடுத்து, போதிய நோ மருந்தில்லாமல் சத்திரசிகிச்சை செய்த இடங்கள் மேற்கு நாடுகளிலேயே இருந்தன. இந்தியாவில் மருத்துவம் படித்து ஒக்ஸ்போர்ட் சென்ற கன்வல்ஜீத் ஆனந்த், குறைமாதச் சிசுக்களுக்கு இருதயத்தை ஒட்டிய சத்திரசிகிச்சையின்போது உரிய நோ மருந்து கொடுத்தால் உடலின் அதிர்ச்சி குறைகிறது, பின்விளைவுகளும் குறைகின்றன என்று காட்டி 1987இல் லான்செட் இதழில் எழுதினார். பிள்ளைகளின் நோவு குறித்த மருத்துவரின் மனப்போக்கு மாறியதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு.

இன்று வார்டுகளில் பயன்படும் அளவைகளில் ஒன்று 1997இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்துக்கும் பூச்சியம் முதல் இரண்டு வரை புள்ளி, மொத்தம் பத்து. ஆனால் டொன்சில் எடுத்த பிள்ளையிடம் அழுகையை நம்பிவிடக் கூடாது. அழுதால் தொண்டை இன்னும் நோகும் என்பது இரண்டு வயதுப் பிள்ளைக்கும் அரை நாளில் விளங்கிவிடும். பிறகு அது அழாது. வாயைக் கொஞ்சம் திறந்தபடி, எச்சிலை விழுங்காமல் வடியவிட்டு, கழுத்தை அசைக்காமல், தாயின் மடியிலேயே கிடக்கும். கேட்டால் தலையை மட்டும் ஆட்டும். “பிள்ளை சாதுவா இருக்கு, நோவில்லை போல” என்று அப்போது நினைத்துவிடுகிறோம். கனடாவின் ஹலிபக்ஸில் 1996இல் பெற்றோருக்காகவே ஆக்கப்பட்ட அளவை இந்த மௌனத்தையும் கணக்கில் எடுக்கிறது. வழமையைவிடக் குறைவாக விளையாடுகிறதா, குறைவாகச் சாப்பிடுகிறதா, ஒட்டிக்கொண்டே இருக்கிறதா, நொந்த இடத்தைப் பிடிக்கிறதா என்று பதினைந்து கேள்விகள். ஆறோ அதற்கு மேலோ “ஓம்” வந்தால் நோ மருந்து போதவில்லை என்று கொள்ளலாம். தாய் ஏற்கெனவே கவனிக்கும் விடயங்கள்தான் இவை. அவற்றை நோவின் அறிகுறி என்று அவருக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இனி மருந்துக்கு வருவோம். இந்தத் துறையையே புரட்டிப்போட்டது கோடீன் கதை. பல பத்தாண்டுகளாக மேற்கு நாடுகளில் டொன்சில் எடுத்த பிள்ளைக்குக் கோடீன் கலந்த பரசிட்டமோல் பாணிதான் வழமை. பனடோலைவிடக் கொஞ்சம் வலுவானது, மோர்பீனைவிடப் பாதுகாப்பானது என்று எல்லாரும் நம்பினார்கள். கோடீன் தன்னளவில் நோவைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஈரலில் உள்ள ஒரு நொதி அதன் ஒரு பகுதியை மோர்பீனாக மாற்றுகிறது. வேலை செய்வது அந்த மோர்பீனே. இந்த நொதி ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு அது வேலையே செய்யாது. கோடீன் குடித்தும் நோவு குறையாது. வேறு சிலருக்கு அந்த மரபணு இரட்டித்திருக்கும். குடித்த கோடீன் விரைவாகவும் அதிகமாகவும் மோர்பீனாகிவிடும். யார் எந்த வகை என்பது முகத்தைப் பார்த்துத் தெரிவதில்லை.

கனடாவில் குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் இருந்த இரண்டு வயது ஆண் குழந்தைக்கு, 13 கிலோ நிறை, டொன்சிலும் அடினொயிட்டும் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தாய், எழுதித் தந்த அளவிலேயே கோடீன் பாணி கொடுத்தார். இரண்டாம் இரவு காய்ச்சலும் மூச்சிரைப்பும். மறுநாள் காலை பிள்ளை உயிரோடில்லை. இரத்தத்தில் மோர்பீன் மிக அதிகமாக இருந்தது. பரிசோதனையில் அந்த மரபணு இரட்டிப்பும் தெரிந்தது. டொரன்டோ ஆய்வாளர்கள் இதை 2009இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். தொடர்ந்து வேறு பிள்ளைகளின் விபரங்களும் வெளிவந்தன. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது. 2013இல் டொன்சில் சத்திரசிகிச்சைக்குப் பின் கோடீன் கொடுப்பதற்கு எதிராக மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துறையில் பதிக்கச் சொன்னது. ஐரோப்பிய மருந்து முகவரகமும் அதே ஆண்டு கட்டுப்பாடு விதித்தது. 2017இல் அமெரிக்கா, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தோருக்குக் கோடீன் ஆகாது, நோவுக்கு டிராமடோலும் ஆகாது என்றது. டொன்சில் எடுத்தவர் என்றால் பதினெட்டு வயது வரை இரண்டும் தவிர்க்கப்பட வேண்டும். டிராமடோலையும் அதே நொதிதான் வலுவான பொருளாக மாற்றுகிறது.

அப்படியானால் நேராக மோர்பீனையே அளந்து கொடுத்தால் என்ன? அதையும் பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சுத் தடை காரணமாக டொன்சில் எடுத்த 91 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மோர்பீனும் பரசிட்டமோலும், மற்றவருக்கு ஐபுபுரோபனும் பரசிட்டமோலும் கொடுத்த கனடிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. முதல் இரவில் இரத்தத்தின் ஒட்சிசன் வீழ்ச்சி முன்பைவிடக் குறைந்தவர்கள், ஐபுபுரோபன் குழுவில் 68 வீதம்; மோர்பீன் குழுவில் 14 வீதம். பல பிள்ளைகளுக்கு மூச்சு முன்பைவிட மோசமானதால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். நோவு குறைந்ததில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. இந்தக் கடைசி வரியை நான் பலமுறை திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். ஆபத்தை விலைகொடுத்து வாங்கியும் ஆறுதல் கூடவில்லை.

ஆகவே மிஞ்சுவது பரசிட்டமோலும் ஐபுபுரோபனும். நம் வீடுகளில் பரசிட்டமோல் பாணி ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கொடுக்கும் விதத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். நான்கு வயது, 15 கிலோ நிறையுள்ள பிள்ளை. வழமையான அளவு, கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. கணக்குப் பார்த்தால் ஒரு வேளைக்கு 225 மில்லிகிராம். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்றிருந்தால் ஏறத்தாழ 9 மில்லிலீற்றர் வேண்டும். வீட்டில் கொடுப்பது? தேநீர்க் கரண்டியால் ஒன்று. அதுவும் தளும்பாமல் ஊற்றினால் 4 அல்லது 5 மில்லிலீற்றர். துப்பியது போக உள்ளே போவது அதிலும் குறைவு. தேவையில் பாதிகூட இல்லை. பிறகு “பனடோல் கேக்குதில்லை” என்று மருந்தின்மேல் பழி விழுகிறது. மறுபக்கமும் உண்டு. 5 மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம் உள்ள பாணியும் கடைகளில் இருக்கிறது. போத்தலைப் பார்க்காமல் அதே 9 மில்லிலீற்றரை ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். வயதைப் பார்த்து அளந்தால் மெலிந்த பிள்ளைக்குக் கூடிப்போகும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. தடிமன் பாணிகள் சிலவற்றிலும் பரசிட்டமோல் கலந்திருப்பதால் அவற்றை இதோடு சேர்க்கவும் கூடாது. அளவை எழுதித் தருவது டொக்டரின் வேலை. ஊசியில்லாத சிரிஞ்சால் மில்லிலீற்றர் கோட்டைப் பார்த்து அளப்பது வீட்டின் வேலை.

நேரம் அடுத்த கேள்வி. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, டொன்சில் எடுத்து வீடு திரும்பிய 261 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. முதல் நாளில் 86 வீதமான பிள்ளைகளுக்குக் கணிசமான நோவு இருந்ததாகப் பெற்றோரே சொன்னார்கள். ஆனால் கால்வாசிப் பேருக்கு, 24 வீதம், அந்த நாள் முழுவதும் மருந்தே கொடுக்கவில்லை, அல்லது ஒரே ஒரு வேளை கொடுத்தார்கள். நோவு தெரிந்தும் கொடுக்கவில்லை. அங்கே இருந்த தயக்கமே இங்கும் வேறு சொற்களில் இருக்கிறது. மருந்து சூடு, பிஞ்சு உடம்பு தாங்காது, பழகிவிடும், நித்திரையில் எழுப்பக் கூடாது, இப்படிப் பல. பரசிட்டமோல் உரிய அளவில் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. நித்திரை விடயம் மட்டும் கொஞ்சம் சிக்கலானது. இரவு ஒன்பதுக்குக் கொடுத்த மருந்து விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். வாயால் மூச்சுவிட்டுத் தொண்டை காய்ந்துபோய் எழும் பிள்ளை ஒரு சொட்டுத் தண்ணீரும் விழுங்காது; அந்த நேரத்தில் மருந்தை எப்படிக் குடிக்கும்? முதல் நான்கைந்து நாட்களாவது, நோவு வந்தபின் தேடாமல், மணிக்கூட்டைப் பார்த்து இரவிலும் ஒருமுறை எழுப்பிக் கொடுப்பதையே நான் ஆதரிப்பேன். மருந்து கொடுத்து அரை மணித்தியாலம் கழித்துச் சாப்பாடு கொடுத்தால் விழுங்குவதும் இலேசாகும்.

ஐபுபுரோபனில்தான் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து பிரிகிறது. அது நோவுக்கும் வீக்கத்துக்கும் நல்லது, மூச்சை அடக்காது. ஆனால் இரத்தத் தட்டுக்களின் ஒட்டும் தன்மையைச் சற்றுத் தளர்த்துவதால் புண் கசியுமோ என்ற பயம் என்றும் இருந்தது. அமெரிக்க வழிகாட்டி 2019இல் ஐபுபுரோபனையும் பரசிட்டமோலையும் பரிந்துரைத்தது. அதே 2019இல் அமெரிக்காவில் 741 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வொன்று, மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டிய அளவு இரத்தம் கசிந்தவர்கள் பரசிட்டமோல் குழுவில் 1.2 வீதம், ஐபுபுரோபன் குழுவில் 2.9 வீதம் என்று கண்டது. ஐபுபுரோபனால்தான் கூடியது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. கூடவில்லை என்று சொல்லவும் அதனால் முடியவில்லை. பெரிய வைத்தியசாலை பக்கத்தில் இருக்கும் ஊரில் இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு.

நம் ஊரில் தராசு வேறு. மட்டக்களப்பில் வடகீழ்ப் பருவ மழையோடு டெங்கு ஏறும். டெங்குக் காய்ச்சலில் ஐபுபுரோபன், டைக்குளோபெனக், மெபனமிக் அமிலம் எதுவும் கொடுக்கக் கூடாது, பரசிட்டமோல் மட்டுமே என்று சுகாதார அமைச்சு ஆண்டுதோறும் சொல்கிறது. தட்டுக்கள் குறைந்து இரத்தம் கசியும் நோயில் இந்த மருந்துகள் உயிராபத்தைக் கூட்டும். டொன்சில் எடுத்த பிள்ளைக்கு முதல் ஓரிரு நாள் இலேசான காய்ச்சல் வருவது வழமை. மார்கழியில் அந்தக் காய்ச்சல் சத்திரசிகிச்சையால் வந்ததா, நுளம்பால் வந்ததா? தொண்டையில் திறந்த புண்ணும், விழுந்துகொண்டிருக்கும் தட்டுக்களும், கையில் ஐபுபுரோபனும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தக் கேள்வி இல்லை, ஏனென்றால் அங்கே டெங்கு அரிது. டெங்கு மாதங்களில் பரசிட்டமோலை முழு அளவில், நேரம் தவறாமல் கொடுப்பதை முதல் வழியாகவும், ஐபுபுரோபனைக் காய்ச்சல் இல்லாதபோது டொக்டரின் சொல்லோடு மட்டும் சேர்ப்பதாகவும் வைத்துக்கொள்வது இந்தக் கரைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. காய்ச்சல் நின்று திரும்ப வந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ இரத்தம் சோதிக்க வேண்டும். நோவுக்கோ காய்ச்சலுக்கோ அஸ்பிரின் பிள்ளைகளுக்கு எந்தக் காலத்திலும் ஆகாது.

நோவின் ஒரு பகுதி தியேட்டரிலேயே தீர்மானமாகிறது. மயக்க நிலையில் ஒரே ஒருமுறை டெக்சாமெதசோன் ஏற்றினால் வாந்தி பாதியாகக் குறைகிறது, பிள்ளை விரைவில் சாப்பிடத் தொடங்குகிறது, நோவும் கொஞ்சம் தணிகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். வெட்டும் முறையும் முக்கியம். 2003–2004இல் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 33,921 பேரைக் கணக்கெடுத்தபோது 3.5 வீதமானோருக்கு இரத்தப்போக்கு ஏற்பட்டிருந்தது. மின்சூட்டால் வெட்டுவதைவிடப் பழைய எஃகுக் கருவிகளால் எடுப்பதில் அது குறைவு. டொன்சிலை முழுதாக எடுக்காமல் உறையை விட்டு உள்ளே மட்டும் குடைந்தெடுக்கும் முறை சுவீடன் போன்ற நாடுகளில் பரவியிருக்கிறது. தசை திறபடாததால் நோவு நன்றாகக் குறைகிறது. மூச்சுத் தடைக்காக எடுக்கும் சிறு பிள்ளைகளுக்கு அது நல்ல வழி.

சாப்பாட்டைப் பற்றி நம்மிடம் பயம் அதிகம். குளிர்ந்தது சளி பிடிக்கும் என்று ஐஸ் பழத்தைத் தடுப்பார்கள். இந்தப் புண்ணுக்குக் குளிர்ச்சி கொஞ்ச நேரமாவது இதமே. மட்டக்களப்பு எருமைத் தயிரைச் சீனியோடு குளிர வைத்துக் கொடுத்தால் மறுக்கும் பிள்ளை குறைவு. குழைந்த சோறு, இளநீர், ஆறிய கஞ்சி, எது இறங்குகிறதோ அது. தோடம்பழச் சாறும் உறைப்பும் எரிக்கும். ஒருநாள் சோறு இறங்காவிட்டால் பெரிய மோசமில்லை. தண்ணீர் இறங்காவிட்டால் மோசம். தொண்டை காயக் காய நோவு கூடும், நோவு கூடக் கூட விழுங்குவது குறையும். தேனையும் சொல்ல வேண்டும். 2021இல் ஐரோப்பிய மயக்கமருந்து நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டி, பரசிட்டமோல், ஐபுபுரோபன் வகை மருந்து, டெக்சாமெதசோன் மூன்றையும் அடிப்படையாக வைத்து, துணையாகத் தேனையும் குறிப்பிட்டது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் தேன் கொடுக்கக் கூடாது.

இரத்தம் வந்தால் இவையெல்லாம் பின்னுக்குப் போய்விடும். எச்சிலில் ஒரு நூல் போலத் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குச் சொல்ல வேண்டும். செந்நிறமாகத் துப்பினாலோ, நித்திரையில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, கறுப்பாக வாந்தி எடுத்தாலோ உடனே புறப்பட வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் வாவியைப் படகுப்பாதையில் கடந்தார்கள். இன்று பாலம் உண்டு, 1990 அம்புலன்ஸ் உண்டு. ஆனாலும் வெல்லாவெளியிலிருந்தோ வாகரையிலிருந்தோ இரவில் புளியந்தீவு வந்துசேர நேரம் எடுக்கும். தூரத்து வீட்டுப் பிள்ளையை ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை பட்டணத்துக்குக் கிட்ட உள்ள உறவினர் வீட்டில் வைத்திருப்பது நல்ல யோசனை.

இவ்வளவும் தேவையா என்பதையும் சத்திரசிகிச்சைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். 1934இல் நியூயோர்க்கில் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தபோது 61 வீதமானோருக்கு ஏற்கெனவே டொன்சில் எடுத்தாயிற்று. மிஞ்சியோரை டொக்டர்கள் பார்த்து ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். தப்பியோரை வேறு டொக்டர்கள் பார்த்து மறுபடியும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். இன்று வரையறை உண்டு. கடந்த ஓராண்டில் ஏழு முறை, அல்லது இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து, அல்லது மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று முறை கடுமையான தொண்டை அழற்சி. அல்லது தூக்கத்தில் மூச்சுத் தடை. இதற்குள் வராத பிள்ளையைப் பொறுத்திருந்து பார்க்கலாம்.

வருகிற பிள்ளைக்கு, துண்டு வெட்டும்போது தமிழில் ஒரு தாள் கொடுக்க வேண்டும். பிள்ளையின் நிறை, பாணியின் செறிவு, ஒரு வேளைக்கு எத்தனை மில்லிலீற்றர், எந்தெந்த மணிக்கு, எத்தனை நாளுக்கு, எந்த அறிகுறிக்கு எந்த இலக்கத்துக்கு அழைப்பது. கூடவே ஒரு சிரிஞ்ச். மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் வார்டிலிருந்து ஒரு தாதி தொலைபேசியில் கேட்கலாம்: இரவு மருந்து கொடுத்தீர்களா, எத்தனை தரம் சலம் போனது, காய்ச்சல் இருக்கிறதா, விளையாடுகிறதா. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீட மாணவர்கள் இதே வைத்தியசாலையில்தான் பயில்கிறார்கள். அந்த அழைப்புகளை அவர்கள் பொறுப்பெடுத்து, வரும் பதில்களை ஓராண்டு குறித்துவைத்தால், நம் பிள்ளைகளுக்கு எந்த நாளில் எவ்வளவு நோகிறது, வீட்டில் உண்மையில் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்ற கணக்கு இந்த மாவட்டத்துக்கென்றே கிடைக்கும்.